குடை ராட்டினத்தில் ஐந்து இடம்: டீப் பர்ப்பிளில் ஆள் மாறிய கதை

1967 கடைசியில் லண்டனில் கிறிஸ் கர்ட்டிஸ் என்பவருக்கு ஒரு யோசனை வந்தது. 'தி சர்ச்சர்ஸ்' குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பெயர் வாங்கியவர் அவர். இனி ஒரு பேண்டு ஆரம்பித்தால் அதில் நிரந்தர ஆள் என்று யாரும் இருக்கக் கூடாது. வேண்டும்போது ஏறிக்கொள்ளலாம், வேண்டாதபோது இறங்கிக்கொள்ளலாம், சுற்றுவது மட்டும் நிற்கக் கூடாது என்று நினைத்தார். 'ரவுண்டபௌட்' என்று பெயரும் வைத்தார். இங்கிலாந்தில் குடை ராட்டினத்தை அப்படித்தான் சொல்வார்கள். டோனி எட்வர்ட்ஸ் என்ற வியாபாரி பணம் போட முன்வந்தார். முதல் ஆளாக ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்ட் வந்து சேர்ந்தார். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்த கிட்டார்காரர் ரிட்ச்சி பிளாக்மோரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பேண்டு ஒரு உருவத்துக்கு வருவதற்குள் கர்ட்டிஸே இறங்கிப் போய்விட்டார்.

அவர் கிளப்பிவிட்ட ராட்டினம்தான் பிறகு டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் பேண்டு ஆனது. இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மெரினா மணலில் நிற்கும் குதிரை ராட்டினத்தைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார் இல்லாத சின்ன ராட்டினத்தில் ஒருவர் கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கூட ஓடுவார். பிள்ளைகள் ஏறுவார்கள், இறங்குவார்கள், வேறு பிள்ளைகள் வருவார்கள். தள்ளுகிறவர் மட்டும் சாயங்காலம் முழுக்க அதே ஆள். டீப் பர்ப்பிளின் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வருகிறது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடலாம். 1968 முதல் இன்றுவரை இந்தப் பேண்டில் ஒன்பது லைன்அப், அதாவது ஒன்பது வித ஆள் சேர்க்கை. ரசிகர்கள் அவற்றை மார்க் ஒன்று, மார்க் இரண்டு என்று எண்ணுகிறார்கள், வண்டி மாடல் சொல்வதைப் போல. இடையில் சில மாதம் கைகொடுத்துவிட்டுப் போன கிட்டார்காரர் ஜோ சாட்ரியானியையும் சேர்த்தால் மொத்தம் 15 பேர். ஆனால் மேடையில் எப்போதும் ஐந்து பேர்தான். பாட்டு, கிட்டார், ஆர்கன், பேஸ் கிட்டார், டிரம்ஸ். ஆள் மாறினார்களே தவிர, அந்த ஐந்து இடம் மாறவே இல்லை.

சென்னையில் வளர்ந்தவர்களுக்கு இதில் எது பெரிய விஷயம் என்று தோன்றலாம். மார்கழி சீசனில் ஒரு பாடகர் பத்து சபாவில் பாடினால் பத்து கச்சேரியிலும் பக்கவாத்தியம் வேறு வேறாக இருக்கும். போன வாரம் மயிலாப்பூரில் வாசித்த மிருதங்கக்காரர் ஏன் இந்த வாரம் தியாகராய நகரில் வரவில்லை என்று யாரும் வருத்தப்படுவதில்லை. கச்சேரி பாடகர் பெயரில் நடக்கிறது, அவ்வளவுதான். மெல்லிசைக் குழுக்கள் வேறு வகை. அங்கே குழுவுக்குப் பெயர் உண்டு, பாடகர்கள் வருவார்கள் போவார்கள். ஆனால் அவர்கள் பாடுவது சினிமாப் பாட்டு, பாட்டின் சொந்தக்காரர் வேறு யாரோ. ராக் பேண்டு இந்த இரண்டிலும் சேராது. பெயர் குழுவுக்கு, பாட்டும் குழுவுக்கே. அதனால் ஒருவர் வெளியே போனால், பாட்டில் பாதி அவரோடு போய்விட்டதா, அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ள மிச்சம் இருப்பவர்களுக்கு உரிமை உண்டா என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை வந்தது போலத்தான்.

இதை நான் சின்ன அளவில் அனுபவித்திருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் எங்கள் பேண்டில் நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். நான்கு வருடத்தில் மூன்று டிரம்மர்கள். ஒருவர் பெங்களூருக்கு வேலைக்குப் போனார். இன்னொருவர் வீட்டில் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அதே பாட்டு, அதே கிட்டார், அதே ஜாம் ரூம். ஆனால் புது ஆள் உட்கார்ந்து முதல் நான்கு தட்டு தட்டியதுமே பாட்டின் நடை மாறிப்போயிருக்கும். கச்சேரியில் காலப்பிரமாணம் பாடுகிறவரிடம் இருக்கிறது. ராக் பேண்டில் அது டிரம்மரிடம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சரி, 1968க்குப் போவோம். பாடுவதற்கு ஆள் தேடியபோது ராட் எவன்ஸ் வந்தார். வரும்போது தன் பழைய பேண்டின் டிரம்மரையும் கூட்டி வந்தார். அவர் பெயர் இயன் பெய்ஸ், வயது 19, இடதுகைக்காரர். ஏற்கெனவே ஒரு டிரம்மரைப் பேசி வைத்திருந்தார்கள். பெய்ஸ் வாசித்ததைக் கேட்டதும் அந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டார்கள். பேஸ் கிட்டாருக்கு நிக் சிம்பர். இந்த ஐந்து பேர் மார்க் ஒன்று. பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த ஒரு பழைய பாட்டின் பெயரை எடுத்து பேண்டுக்கு வைத்தார்கள். 'ஹஷ்' என்ற பாட்டு அமெரிக்காவில் நான்காவது இடம் வரை போனது. அது அவர்கள் எழுதியதல்ல, ஜோ சவுத் எழுதியது. சொந்த ஊரான இங்கிலாந்தில் அவர்களை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

1969இல் நடந்ததுதான் இந்தக் கதையின் முதல் கசப்பு. பிளாக்மோர், லார்ட், பெய்ஸ் மூவரும் இனி இசை இன்னும் கனமாக, சத்தமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எவன்ஸின் குரல் மென்மையானது. 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவில் பாடிக்கொண்டிருந்த இயன் கில்லனைப் போய்ப் பார்த்தார்கள். அவர் தன்னோடு சேர்ந்து பாட்டு எழுதும் பேஸ் கிட்டார்காரர் ராஜர் குளோவரையும் அழைத்து வந்தார். அப்புறம் சில வாரங்கள் இரட்டை வாழ்க்கை. பகலில் ஹான்வெல் சமுதாயக் கூடத்தில் புதிய ஐவர் ரகசியமாக ஒத்திகை பார்த்தார்கள். இரவில் பழைய ஐவர் மேடை ஏறினார்கள். எவன்ஸுக்கும் சிம்பருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியாகத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

இசையாக அது சரியான முடிவு, மனிதர்களாக அவர்கள் செய்தது தப்பு. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். பிறகு வந்த பெரிய பாட்டுகளைக் கேட்கும்போது ஹான்வெல் கூடத்தை நான் மறப்பதில்லை.

புதிய ஐவர் சேர்ந்த சில மாதத்திலேயே, 1969 செப்டம்பர் 24 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசித்தார்கள். ஜான் லார்ட் எழுதிய இசை அது. அவர் சாஸ்திரீய பியானோ படித்து வளர்ந்தவர். பத்திரிகைகள் பாராட்டின. பிளாக்மோருக்கோ, ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும் பேண்டு என்ற பெயர் ஒட்டிக்கொள்ளுமோ என்ற கவலை. அடுத்த ஆல்பம் முழுக்க ராக் ஆகவே இருக்க வேண்டும் என்றார். 1970இல் வந்த 'இன் ராக்' அப்படிப் பிறந்ததுதான்.

அவர்களுடைய சத்தத்தை மற்ற பேண்டுகளிலிருந்து பிரித்துக் காட்டியது ஒரு வயர் இணைப்பு. ஹேமண்ட் ஆர்கனுக்கு லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர்தான் வழக்கமான ஜோடி. தேவாலயத்தில் கேட்பது போன்ற மிதக்கும் ஒலி அதிலிருந்து வரும். லார்ட் அதை விட்டுவிட்டு, கிட்டார்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப்பில், அதாவது ஒலிபெருக்கியில், ஆர்கனைச் செருகினார். ஒலி உறுமியது. அதுவரை கிட்டாருக்குப் பின்னால் அடக்கமாக நின்ற ஆர்கன் கிட்டாரோடு சமமாக மல்லுக்கு நின்றது. பிளாக்மோர் ஒரு வரி வாசிப்பார், லார்ட் பதில் சொல்வார், பிளாக்மோர் அதை வெட்டுவார். தவிலும் நாகஸ்வரமும் மாறி மாறி ஏற்றிக்கொண்டு போவதைக் கோயில் வாசலில் நின்று கேட்டவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும். டீப் பர்ப்பிள் என்றால் என்ன என்று ஒரே வார்த்தையில் கேட்டால், அந்த மல்லுக்கட்டுதான் என்பேன்.

1971 டிசம்பரில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ ஊருக்குப் போனார்கள். ஏரிக்கரையில் இருந்த கேசினோ அரங்கில் பதிவு செய்வதாகத் திட்டம். டிசம்பர் 4 அன்று அங்கே ஃபிராங்க் ஸாப்பாவின் நிகழ்ச்சி நடந்தபோது கூட்டத்தில் யாரோ தீப்பொறி பறக்கும் துப்பாக்கியைக் கூரையைப் பார்த்துச் சுட, கட்டடம் முழுக்க எரிந்தது. ஏரியின் மேல் புகை பரவுவதை இவர்கள் தங்கள் ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' என்ற வார்த்தைகள் குளோவர் வாயில் வந்தன. 'தண்ணீரின் மேல் புகை', கண்ணால் பார்த்தது, அப்படியே.

பதிவு செய்ய இடம் தேடி முதலில் ஒரு அரங்கத்துக்குப் போனார்கள். ராத்திரி அந்தச் சத்தத்தில் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்க, போலீஸ் வந்து கதவைத் தட்டியது. உள்ளே வாசித்து முடிக்கும்வரை பேண்டின் ஆட்கள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே பதிவானது ஒரே ஒரு வாத்தியப் பகுதி. அதுதான் இந்தப் பாட்டானது. மிச்சத்தைக் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த கிராண்ட் ஓட்டலின் நடைபாதையில், மெத்தைகளை அடுக்கி வைத்து வாசித்தார்கள். பதிவுக் கருவிகள் வெளியே நின்ற வண்டியில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவிடமிருந்து வாடகைக்கு எடுத்தது. வாசித்ததைக் கேட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அறைகள், பால்கனிகள் வழியாகச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போக வேண்டும். அலுத்துப்போய், கேட்காமலேயே அடுத்ததை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1972இல் வந்த 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருக்கும் அந்த உயிர்ப்புக்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். யோசித்துத் திருத்த நேரமே இல்லை.

அந்தப் பாட்டின் தொடக்கத்தை ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். அண்ணா சாலையில் இருக்கும் மியூஸி மியூசிக்கல் போன்ற கடைகளில் கிட்டார் வாங்க வரும் பையன்கள் வாசித்துப் பார்க்கும் ரிஃப்தான், திரும்பத் திரும்ப வரும் சின்ன கிட்டார் வரி. முதலில் கிட்டார் மட்டும். பிளாக்மோர் அதற்குப் பிளெக்ட்ரம் என்ற மீட்டும் தகட்டைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு தந்தியை விரல்களால் ஒரே நேரத்தில் கவ்வி இழுக்கிறார், அதனால் இரண்டு சுரமும் ஒரே கணத்தில் வருகின்றன. பிளெக்ட்ரத்தால் கீறினால் அந்த இறுக்கம் வராது, கடையில் வாசிக்கும் பையன்கள் பெரும்பாலும் அங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். அடுத்து ஆர்கனும், டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத் தட்டான ஹை-ஹாட்டும் நுழைகின்றன. பிறகு மிச்ச டிரம்ஸ். பிறகு பேஸ் கிட்டார். எல்லோரும் வந்து அமர்ந்த பிறகு குரல். ஐந்து பேர் ஒவ்வொருவராக வீட்டுக்குள் வருவது போல இருக்கும்.

இதில் மனதைத் தொடும் ஒன்று உண்டு. வந்த வரிசையில் அவர்களுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். கிட்டார்: இரண்டு முறை கோபித்துக்கொண்டு வெளியேறி, 1993க்குப் பிறகு திரும்பவே இல்லை. ஆர்கன்: 2002இல் விடைபெற்று, 2012 ஜூலை 16 அன்று 71 வயதில் காலமானார். பேஸ் கிட்டார்: 1973இல் போய் 1984இல் வந்தார். குரல்: ஒருமுறை தானாகப் போனார், ஒருமுறை அனுப்பப்பட்டார், இரண்டு முறையும் திரும்பி வந்தார். அந்த ஹை-ஹாட்டைத் தட்டிய இடதுகைக்காரர் பெய்ஸ் மட்டும் ஒன்பது லைன்அப்பிலும் இருக்கிறார். மெரினாவில் ராட்டினம் தள்ளுகிறவர் முகம் எனக்கு வருவது அவரால்தான்.

1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் வாசித்ததை 'மேட் இன் ஜப்பான்' என்று வெளியிட்டார்கள். மேடைப் பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் உள்ளே புழுங்கிக்கொண்டிருந்தது. ஓய்வில்லாத பயணம், உடல்நலக் குறைவு, எல்லாவற்றுக்கும் மேல் கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் ஆகவில்லை. அந்த ஐவர் காலத்துச் சொந்தப் பாட்டுகள் எல்லாவற்றிலும் ஐந்து பேர் பெயரும் சமமாக இருக்கும், யார் எவ்வளவு எழுதினார் என்ற பேச்சே இல்லாமல். கேட்பதற்கு அழகான ஏற்பாடு. ஆனால் இசையின் திசையைத் தானே தீர்மானிப்பதாக நினைக்கும் ஒருவருக்கு அந்தச் சமம் உறுத்தத்தானே செய்யும்? கில்லன் 1972 கடைசியில் ராஜினாமா கடிதம் கொடுத்தார். ஒத்துக்கொண்ட நிகழ்ச்சிகளை முடித்துவிட்டு 1973 ஜூன் 29 அன்று ஒசாகா மேடையில் விடைபெற்றார். குளோவரும் விலக நேர்ந்தது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' அமெரிக்காவில் நான்காவது இடத்துக்கு ஏறியது அதே கோடையில்தான். உலகமே வாசிக்கத் தொடங்கியபோது அதைப் படைத்த ஐவர் கலைந்துபோயிருந்தார்கள்.

காலி இடம் இரண்டு. பேஸ் கிட்டாருக்கு 'டிரபீஸ்' குழுவின் கிளென் ஹியூஸ் வந்தார். அவரும் அருமையாகப் பாடுவார். முதன்மைப் பாடகராக வந்தவர் யாருக்கும் தெரியாத 21 வயது இளைஞர், வடக்கு இங்கிலாந்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் டேவிட் கவர்டேல். இந்த மார்க் மூன்று 1974இல் 'பர்ன்' ஆல்பத்தைக் கொடுத்தது. இரண்டு குரல்கள் ஒன்றையொன்று தூக்கிக்கொண்டு போகும், எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் அது. கில்லன் போலக் கீச்சிடும் உச்சஸ்தாயிக்கு ஒருவரைத் தேடாமல், ஆண்மையான கனத்த குரலைக் கொண்டு வந்தார்கள் பாருங்கள், அங்கேதான் பிழைத்தார்கள். ஆனால் கவர்டேலுக்கும் ஹியூஸுக்கும் கருப்பின அமெரிக்கர்களின் சோல், ஃபங்க் இசை மேல் பிரியம். அதே வருடத்தின் இரண்டாவது ஆல்பத்தில் அது மேலோங்கியது. பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. 1975 ஏப்ரலில் இறங்கிப்போய் 'ரெயின்போ' என்ற பேண்டை ஆரம்பித்தார்.

அவர் இடத்தில் அமெரிக்கரான டாமி போலின். ஜாஸ் தெரிந்த, திறமையான கிட்டார்காரர். அவர் வாசித்த ஒரே ஆல்பம் இன்று கேட்டால் நன்றாகவே இருக்கிறது. மேடையில்தான் சிக்கல். பழைய பாட்டுக்குப் பழைய கிட்டாரை எதிர்பார்த்து வந்த கூட்டம் பிளாக்மோர் பெயரைச் சொல்லிக் கத்தியது. போலினும் ஹியூஸும் போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்தார்கள். 1976 மார்ச்சில் லிவர்பூல் நிகழ்ச்சியோடு பேண்டு முடிந்தது. அதே வருடம் டிசம்பர் 4 அன்று போலின் இறந்துபோனார், வயது 25. கேசினோ எரிந்த அதே தேதி, ஐந்து வருடம் கழித்து.

இனி ராட்டினம் சுற்றாது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரத்தில் 1980இல் ஒரு விபரீதம் நடந்தது. அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் டீப் பர்ப்பிள் என்ற பெயரில் நிகழ்ச்சிகள் நடந்தன. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்கள் பார்த்தது ராட் எவன்ஸையும் பெயர் தெரியாத நான்கு பேரையும். பதினோரு வருடம் முன்பு சொல்லாமல் வெளியே விடப்பட்டாரே, அதே எவன்ஸ். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 6,72,000 டாலர் இழப்பீடு கொடுக்க உத்தரவானது. பழைய ஆல்பங்களிலிருந்து வந்துகொண்டிருந்த ராயல்டியையும் எவன்ஸ் இழந்தார். அதற்குப் பிறகு அவர் பொதுவெளிக்கே வரவில்லை.

பேண்டின் பெயர் யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. ஒரு காலத்தில் அந்தப் பெயரில் பாடியவர் என்பது மட்டும் போதாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியென்றால் எத்தனை பேர் இருந்தால் போதும்? நம் ஊரில் இன்று பேண்டு ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, முதல் பாட்டு வெளியாவதற்கு முன்பே உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள் என்பதுதான். பெயர் யாரிடம் இருக்கும், போகிறவருக்குப் பாட்டில் என்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிநேகிதர்களுக்குள் என்ன கணக்கு என்று விட்டுவிட்டுப் பிறகு முகம் பார்த்துப் பேசாமல் போனவர்களை இங்கேயே பார்த்திருக்கிறேன்.

சென்னையில் ஆள் பிரிவதற்கு இன்னொரு பெரிய காரணமும் உண்டு, சினிமா. கைத்திறமை உள்ளவரைக் கோடம்பாக்கம் விட்டுவைக்காது. ஏ.ஆர். ரகுமான் இளம் வயதில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற சென்னை ராக் குழுவில் இருந்தவர். சிவமணி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரோடு 'ரூட்ஸ்' குழுவிலும் கீபோர்டு வாசித்திருக்கிறார். அவர்கள் எல்லோரும் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஸ்டூடியோவில் நாள் கணக்கில் காசு வரும்போது, பெட்ரோல் காசுகூடத் தேறாத பேண்டு ஒத்திகைக்கு யார் வருவார்? 2018 ஜனவரியில் 19 பேரோடு மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒரே மேடைக்குக் கொண்டு வந்தபோது, அதிலிருந்து அறிவு, இசைவாணி போன்ற குரல்கள் தனித்தனியாக வெளிச்சத்துக்கு வந்தன. லண்டன் பேண்டு சண்டையில் ஆள் இழந்தது. நம் பேண்டுகள் பெரும்பாலும் பிழைப்பிலும் வளர்ச்சியிலும் ஆள் இழக்கின்றன. கூட வாசித்தவர் கைவிட்டுப் போகும் வலி என்னவோ ஒன்றுதான்.

1984இல் மார்க் இரண்டின் ஐவர், 'மெஷின் ஹெட்' வாசித்த அதே ஐவர், மீண்டும் சேர்ந்தார்கள். 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பம் வந்தது, நன்றாக ஓடியது. 1989இல் கில்லனை அனுப்பிவிட்டு ஜோ லின் டர்னரைப் பாட வைத்தார்கள். 1992இல் கில்லன் திரும்பினார். 1993 நவம்பரில் ஹெல்சிங்கி நிகழ்ச்சியோடு, பயணத் திட்டம் முடியும் முன்பே, பிளாக்மோர் வெளியேறினார். ஜப்பான் நிகழ்ச்சிகளுக்கு ஜோ சாட்ரியானி வந்து கைகொடுத்தார். இந்தப் பத்து வருடத்தை விரித்துச் சொல்ல எனக்கு மனமில்லை. பழைய சண்டையைத்தான் புது உடையில் போட்டார்கள்.

விரித்துச் சொல்ல வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. 1994இல் அமெரிக்கரான ஸ்டீவ் மோர்ஸ் கிட்டாருக்கு வந்தார். பிளாக்மோரைப் போல வாசிக்க அவர் முயலவில்லை. அவர் பாணி சுத்தமாக வேறு, ஒவ்வொரு சுரமும் எண்ணி வைத்தது போல இருக்கும். 1996இல் வந்த 'பர்பென்டிக்குலர்' ஆல்பத்தைக் கேட்டால் ஐந்து பேரும் நெஞ்சு நிறைய மூச்சு விடுவது தெரியும். போலின் காலத்தில் நடக்காதது இப்போது ஏன் நடந்தது? போலின் வந்தபோது பேண்டுக்குள் தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. பாடகரும் பேஸ் கிட்டார்காரரும் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மோர்ஸ் வந்தபோது மற்ற நால்வரும் இருபத்தைந்து வருடப் பழக்கம். புதிதாக வந்தவர் தன் இஷ்டத்துக்கு வாசிக்க அந்தப் பழக்கம் இடம் கொடுத்தது. மோர்ஸ் 28 வருடம் இருந்தார். பிளாக்மோர் இரண்டு தவணையிலும் சேர்த்து இருந்ததைவிட அதிகம். இதைச் சொன்னால் பழைய ரசிகர்கள் நம்ப மறுப்பார்கள், கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

லார்டின் ஆர்கெஸ்ட்ரா இசைக்கு ஒரு மறுபிறவியும் இந்தக் காலத்தில்தான் கிடைத்தது. 1969இல் எழுதிய சுரத்தாள்கள் தொலைந்துபோயிருந்தன. மார்கோ டி ஹூய் என்ற டச்சு இசைஞர், பழைய ஒலிப்பதிவையும் படத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டும் பார்த்தும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரங்களை மறுபடி எழுதி எடுத்தார். லார்டும் உடன் இருந்து செம்மைப்படுத்தினார். 1999இல் அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில் அது மீண்டும் ஒலித்தது. காது ஒன்றை நம்பி முழுக் கச்சேரியையும் மீட்டெடுப்பது எவ்வளவு பெரிய வேலை என்று, கேட்டுக் கேட்டே பாடம் பண்ணிய நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2002இல் லார்ட் விடைபெற்றபோது சண்டை இல்லை. டான் ஏரி வந்து அதே ஹேமண்ட் ஆர்கன் முன் உட்கார்ந்தார். 2016இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தது. எட்டு பேர் பெயரைச் சேர்த்தார்கள், அதில் எவன்ஸ் உண்டு, ஆனால் அவர் விழாவுக்கு வரவில்லை. சிம்பர் பெயரும் போலின் பெயரும் பட்டியலில் இல்லை. 28 வருடம் வாசித்த மோர்ஸும் இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை. 2022இல் மனைவியின் உடல்நிலை காரணமாக மோர்ஸ் விலக, வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த சைமன் மக்பிரைட் வந்தார். 2024இல் இந்த ஐவர் புது ஆல்பமும் போட்டுவிட்டார்கள்.

மக்பிரைட் பிறந்தது 1979இல். அந்த ரிஃப் அவருக்கு ஏழு வயது மூத்தது. இன்று மேடையில் அவர்தான் அதைத் தனியாகத் தொடங்குகிறார். கூட்டம் எழுந்து நிற்கிறது. ஏரியின் ஆர்கன் சேர்கிறது. அதோடு இடப்பக்கமாகத் திருப்பி அமைத்த டிரம்ஸுக்குப் பின்னால், வெள்ளை முடியும் கண்ணாடியுமாக இயன் பெய்ஸ், மான்ட்ரூவில் தட்டிய அதே ஹை-ஹாட் தாளத்தைத் தட்டுகிறார். அடுத்து ஸ்னேர் விழுகிறது, குளோவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வருகிறார், கில்லன் மைக்கை நோக்கி நடக்கிறார்.